சூரியனில் எழும் புயல்!

1989-ம் ஆண்டு மார்ச் 13-ந் தேதி. இரவு 2¾ மணி.

கனடா நாட்டில் கியூபெக் மாகாணம் முழுவதும் திடீரென்று இருளில் மூழ்கியது. குளிர்காலம் இன்னும் முடியவில்லை. 60 லட்சம் மக்கள் சுமார் 9 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் தவித்தார்கள்.

இதற்குக் காரணம் யார்? 15 கோடி கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கும் சூரியன்தான்!

கரும்புள்ளிகள்

சூரியனின் முகத்தில் சில சமயம் கரும்புள்ளிகள் தோன்றும். சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒரு முறை அவை பெருகும். அந்த இடங்களில் காந்த சக்தி மிக அதிகம். அது முறுக்கேறி வெடிக்கும்போது, மின்சக்தி நிறைந்த வாயு பல கோடி டன் அளவில் வீசி எறியப்படும்.

அந்த வாயு பூமியை நோக்கி வந்தால், 1 முதல் 3 நாட்களுக்குள் இங்கே வந்து மோதும். இதுதான் சூரியப் புயல்.

சைக்கிள் விளக்கு

நம் பூமி ஒரு பெரிய காந்தம். அதனால்தான் திசைகாட்டியின் முள் எப்போதும் வடக்கே திரும்பி நிற்கிறது. இந்தக் காந்த சக்தியும் காற்று மண்டலமும் நமக்குக் கவசம். எனவே, தரையில் இருக்கும் மனிதரின் உடலுக்குச் சூரியப் புயலால் தீங்கு இல்லை.

ஆனால் எந்திரங்களுக்கு ஆபத்து உண்டு. சைக்கிள் டைனமோவில் காந்தம் சுற்றுகிறது; கம்பியில் மின்சாரம் உண்டாகிறது; விளக்கு எரிகிறது. அதுபோல, புயல் மோதி பூமியின் காந்த சக்தி ஆட்டம் காணும்போது, நீண்ட மின்சாரக் கம்பிகளில் வேண்டாத மின்சாரம் பாயும். கியூபெக்கில் நடந்தது இதுதான்.

சிவந்த வானம்

2024-ம் ஆண்டு மே 10-ந் தேதி மீண்டும் ஒரு பெரும் புயல் தாக்கியது. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் அவ்வளவு வலுவான புயல் வந்ததில்லை. லடாக்கில் உள்ள ஹன்லேயில் இரவு வானம் சிவந்து ஒளிர்ந்தது. அமெரிக்காவில் செயற்கைக்கோள் வழிகாட்ட ஓடும் டிராக்டர்கள் தடுமாறின. விதைப்பு வேலை தடைப்பட்டது.

ஆனால் இந்த முறை எந்த மாகாணமும் இருளில் மூழ்கவில்லை. புயல் வருவதை விஞ்ஞானிகள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். மின்சார என்ஜினீயர்கள் உஷாராக இருந்தார்கள்.

செங்கோட்டைப் பெண்மணி

சூரியனை ஆராய இந்தியாவும் ஒரு விண்கலத்தை அனுப்பியிருக்கிறது. அதன் பெயர் ஆதித்யா எல்-1. 2023-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து அது புறப்பட்டது. அந்தத் திட்டத்தின் இயக்குனராக இருந்தவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி!

பூமியில் இருந்து 15 லட்சம் கிலோ மீட்டர் தூரத்தில், சூரியன் இருக்கும் பக்கமாக ஆதித்யாவின் இடம். வேகமாக வரும் புயல் அந்த இடத்தைத் தாண்டினால், ஒரு மணி நேரத்துக்குள் பூமிக்கு வந்துவிடும்.

ஒரு மணி நேரம் போதுமா என்று கேட்கலாம். கியூபெக் இருளில் மூழ்குவதற்கு 2 நிமிடம்கூட ஆகவில்லை!