காருக்குக் கிடைக்கும் மறைமுக மானியம்

கொச்சியின் பழைய வணிக மையமான மட்டாஞ்சேரியில் பண்டகசாலைகள் காயலை நோக்கியே கட்டப்பட்டன. மிளகும் இஞ்சியும் வள்ளங்களில் ஏறி இறங்கின. முன்புறத் தெரு கைவண்டிக்கும் நடப்போருக்கும் போதுமானதாயிருந்தது. அக்குறுகிய தெருக்களில் இன்று கார்கள் வரிசையாக நிற்கின்றன.

ஒரு கார் நிற்க ஏறத்தாழ 12 சதுர மீட்டர் இடம் தேவை. அவ்வளவு இடத்தில் கடை வைப்பவர் வாடகை தர வேண்டும். தெருவோரம் காரை நிறுத்துபவரோ பெரும்பாலும் ஒன்றும் தருவதில்லை. பொது நிலத்தை விலையின்றி அளிப்பதும் மானியமே ஆகும். ஆனால் எந்த வரவு செலவுத் திட்டத்திலும் அதற்கெனத் தனித் தலைப்பு இல்லை. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் டொனால்ட் ஷூப் 2005-இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்தார்.

பாலங்களின் கணக்கும் இத்தகையதே. கட்டி, இயக்கி, ஒப்படைக்கும் முறையில் கேரளத்தில் முதன்முதலாக அமைந்த மட்டாஞ்சேரிப் புதுப் பாலம் 2001-இல் திறக்கப்பட்டது. அதில் வசூலிக்கப்பட்ட சுங்கம், நீண்ட கிளர்ச்சிக்கும் வழக்குகளுக்கும் இடையே, 2014-இல் நின்றது. சுங்கம் நின்றதேயன்றிப் பராமரிப்புச் செலவு நிற்கவில்லை. அது பொதுக் கருவூலத்தைச் சேர்ந்தது. வைப்பின் தீவை நகருடன் இணைத்து 2004-இல் திறக்கப்பட்ட கோஸ்ரீ பாலங்களுக்கோ, காயலைத் தூர்த்து எடுத்த நிலத்தை விற்றுப் பணம் திரட்டப்பட்டது. அத்தீவு மக்களுக்குப் பாலம் இன்றியமையாதது. பேருந்தும் அதன்மீதே செல்கிறது. எனினும் காயல் இழந்த பரப்பு எவருடைய பயணச் செலவிலும் சேர்க்கப்படவில்லை.

படகின் நிலை வேறு. 1968-இல் தோன்றிய மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் வரவும் செலவும் ஆண்டுதோறும் எழுதப்படுகின்றன. பற்றாக்குறை ‘நட்டம்’ எனப் பெயர் பெறுகிறது. 2023 ஏப்ரலில் தொடங்கி, 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரியையும் எட்டிய நீர் மெட்ரோவின் மின்கலப் படகுகளும் இதே கேள்விக்கு உள்ளாகின்றன. படகிற்குத் துறையும் தூர்வாருதலும் அதன் கணக்கிலேயே ஏறுகின்றன. காருக்குச் சாலை, விளக்கு, போக்குவரத்துக் காவல், விபத்துச் சிகிச்சை ஆகியவை வெவ்வேறு துறைகளில் சிதறிவிடுகின்றன. இரண்டையும் ஒப்பிட்டுப் படகே செலவு மிக்கது என்று முடிவு கட்டுவது முறையான கணக்காகாது.

கார் உரிமையாளர் வாகன வரியும் எரிபொருள் வரியும் செலுத்துகிறாரே என்பர். உண்மைதான், அத்தொகை சிறியதுமன்று. ஆனால் அவ்வரி மத்திய, மாநில அரசுகளுக்குச் செல்கிறது. இடத்தை இழப்பதோ நகராட்சி. மேலும், நெரிசல் மிகுந்த காலை வேளையிலும் வெறிச்சோடிய இரவிலும் வரி ஒன்றே. மற்றவர்க்கு நேரும் தாமதமோ ஒன்றல்ல. கார் வைத்திராத சுமைதூக்கும் தொழிலாளியும் அரிசி வாங்கும்போது அத்தாமதத்தின் விலையில் ஒரு பங்கைச் செலுத்துகிறார்.

ஜப்பானில் 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நிறுத்த இடமுண்டு என்று சான்று காட்டினாலன்றிக் காரைப் பதிவு செய்ய இயலாது. வீட்டுச் சுவரே தெருவின் எல்லையாயுள்ள மட்டாஞ்சேரியில் அதை அப்படியே புகுத்துதல் கடினம். நெரிசல் மிகுந்த தெருக்களில் நேரத்திற்கேற்ற நிறுத்தக் கட்டணம் விதித்து, அவ்வருவாயைப் படகுத்துறைக்குச் செல்லும் நடைபாதைகளுக்கும் சிற்றுந்துகளுக்கும் ஒதுக்குதல் இயலக்கூடியது. குடியிருப்போருக்கு எவ்வளவு சலுகை என்பதை மாநகராட்சி முன்னதாகவே வரையறுத்தாக வேண்டும்.