வயர் உரிக்க எந்தக் கருவி?

விடுமுறை வந்தால் எலெக்ட்ரானிக்ஸ் கிட்டும் கையுமாக உட்காரும் பிள்ளைகள் நம் சங்கத்து வீடுகளில் பலர். சால்டரிங் அயர்ன் வாங்கித் தரும் பெற்றோர், வயர் ஸ்டிரிப்பரை மறந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் பிளேடாலும் பல்லாலும் உரிக்கிறார்கள். செம்பில் கீறல் விழுந்தாலும் அன்றைக்கு விளக்கு எரியும்; பத்து நாள் கழித்து, அசைகிற இடத்தில் வயர் அந்தக் கீறலில் ஒடியும். அதிர்வு ஓயாத ரயில்வேயில் வேலை பார்த்த எனக்கு இது பாலபாடம்: உறையை வெட்டு, செம்பைத் தொடாதே.

லாமிங்டன் ரோடு கடைகளில் மூன்று வகை பார்க்கலாம். திருகு வைத்த மலிவு வகையை ஒவ்வொரு வயருக்கும் சரிசெய்ய வேண்டும், புதியவர்களுக்குச் சிரமம். தானே பிடித்து உரிப்பது வீட்டு வயரிங்குக்கு வசதி. மெல்லிய வயர் அதில் வழுக்கக்கூடும். அளவுக்கு ஒரு துளை உள்ளதே பிள்ளைகளுக்கு ஏற்றது. 20 முதல் 30 ஏ.டபிள்யூ.ஜி. வரை இருந்தால் போதும்.

ஒரு விஷயம் கவனியுங்கள். ஏ.டபிள்யூ.ஜி. அமெரிக்க அளவு, கடைக்காரர் சொல்வது பிரிட்டிஷ் எஸ்.டபிள்யூ.ஜி.யாக இருக்கலாம். 22 என்பது முன்னதில் 0.64 மி.மீ., பின்னதில் 0.71 மி.மீ. எண் ஒன்றுதானே என்று உரித்தால் செம்பு கீறிவிடும்.

ஆகவே ஒரு முழம் வயரைக் கையோடு கொண்டுபோங்கள். 14/38 என்றால் 38-ஆம் நம்பர் இழைகள் 14. உரித்துவிட்டு எண்ணுங்கள். 12 தான் இருக்கிறதா, அடுத்த பெரிய துளையில் உரித்துப் பாருங்கள். பதினான்கும் முழுசாக இருந்தால் தாராளமாகப் பணம் கொடுக்கலாம்.

வீட்டில் பிளக்கைப் பிடுங்கிய பிறகே எந்த வயரையும் உரிக்க வேண்டும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.