தூங்காத டாக்டரும் துடிக்கும் நோயாளியும்

இரண்டு இரவு கண் விழித்த டிரைவரிடம் பஸ்ஸை ஒப்படைப்போமா? மாட்டோம். பிரயாணிகளே கூச்சல் போட்டு அவரைக் கீழே இறக்கிவிடுவார்கள். ஆனால், முப்பது மணி நேரம் கண் விழித்த இளம் டாக்டரிடம் நம் தாயை, நம் மனைவியை, நம் குழந்தையை ஒப்படைத்துவிட்டு, "ஐயா, நீங்கதான் காப்பாத்தணும்" என்று கைகூப்பி நிற்கிறோம். அவர் கண் சிவந்திருப்பதை நாம் கவனிப்பதில்லை. கவனித்தாலும் ஏனென்று கேட்பதில்லை.

ஒரு தகப்பனார் கேட்டார். ஊர் நியூயார்க். ஆண்டு 1984.

அவர் மகள் லிபி சயான், 18 வயதுக் கல்லூரி மாணவி. காய்ச்சலும் நடுக்கமுமாக மார்ச் 4-ந் தேதி இரவு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மறுநாள் காலை பிணமானாள். மனச்சோர்வுக்காக அவள் ஏற்கெனவே சாப்பிட்டு வந்த மருந்தோடு சேரக்கூடாத ஊசி ஒன்று அன்றிரவு போடப்பட்டது. பார்த்துக்கொண்டவர்கள் பயிற்சியில் இருந்த டாக்டர்கள். முதலாண்டுப் பயிற்சியாளர் ஒருவர் தலையில் ஏறத்தாழ 40 நோயாளிகளின் பொறுப்பு! சாவுக்குக் காரணம் எது என்று கோர்ட்டில் பல ஆண்டுகள் வாதம் நடந்தது. ஆனால், தகப்பனார் சிட்னி சயான் பத்திரிகைக்காரர், சட்டம் தெரிந்தவர். அழுதுவிட்டு அடங்கிப் போகவில்லை. விசாரித்த ஜூரிகள் அந்த டாக்டர்கள் மீது கிரிமினல் குற்றம் சாட்டவில்லை. அவர்களை வாட்டிய பயிற்சி முறையின் மீதே குற்றம் சாட்டினார்கள்!

டாக்டர் பெர்ட்ரண்ட் பெல் தலைமையில் கமிட்டி அமைந்தது. 1989-ல் நியூயார்க் மாநிலம் விதி செய்தது: வாரத்துக்கு 80 மணி நேரம், ஒரே மூச்சில் 24 மணி நேரம், அதற்குமேல் கூடாது. 2003-ல் அமெரிக்கா முழுவதும் 80 மணி நேர எல்லை வந்தது. ஐரோப்பிய ஒன்றியமோ 2009 முதல் பயிற்சி டாக்டர்களுக்கும் வாரம் சராசரி 48 மணி நேரம் என்றது.

தூக்கமின்மை என்ன செய்யும் என்பதற்கு விஞ்ஞானமும் சாட்சி சொல்கிறது. 24 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், குடித்துவிட்டு வண்டியோட்டுபவரின் நிதானத்துக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2004-ல் பாஸ்டனில் வெளியான ஆய்வு தீவிர சிகிச்சைப் பிரிவையே எடுத்துக்கொண்டது. நீண்ட நேரப் பழைய முறையில் வேலை செய்த பயிற்சி டாக்டர்கள், நேரம் குறைக்கப்பட்டபோது செய்ததைவிட 36 சதவிகிதம் அதிகமாகக் கடுமையான தவறுகள் செய்தார்கள். டாக்டர் மாறவில்லை, தூக்கம்தான் மாறியது!

"நோயாளியைப் பாதியில் விட்டுப் போகலாமா? கூடவே இருந்து பார்த்தால்தானே தொழில் படியும்?" என்று பெரிய டாக்டர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கை மாறும்போது தகவல் தவறுவது உண்டு. முதலாண்டுக்காரர்களுக்கு 2011-ல் 16 மணி நேரமாகக் குறைத்த அமெரிக்கா, 2017-ல் மீண்டும் 24-க்குப் போனது. ஆனால், வாரம் 80 என்ற எல்லைக்கோட்டை அழிக்கவில்லை. மில்லில் ஷிப்டு மாறும்போது, தறி எந்த நிலையில் இருக்கிறது என்று அடுத்தவரிடம் சொல்லிவிட்டுத்தான் தொழிலாளி வெளியேறுகிறார். நூலுக்குக் காட்டும் அந்த அக்கறையை உயிருக்குக் காட்ட முடியாதா? ஒப்படைக்கும் முறையைச் சீராக்குங்கள், ஓய்வைப் பறிக்காதீர்கள்!

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம் தொழிலாளிக்கு வாரம் 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 1992-ல் மத்திய சர்க்கார் பயிற்சி டாக்டர்களுக்கும் அதே கணக்கைச் சொன்னது: சாதாரணமாக வாரம் 48 மணி நேரம், தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சொன்னது காகிதத்தில், நடப்பது வார்டில்! பகல் ட்யூட்டி, அதன்மேல் இரவு ட்யூட்டி, அதன்மேல் மறுநாள் பகல் என்று 36 மணி நேரம் நிற்கிறார்கள். 2023-ஆம் ஆண்டின் பட்ட மேற்படிப்பு விதிமுறையோ, "நியாயமான நேரம்" என்றது. எத்தனை மணி நேரம் நியாயம் என்று சொல்லவில்லை. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த குழு, வாரம் 74 மணி நேரத்துக்குள் இருக்கட்டும் என்று சிபாரிசு செய்தது. 48 எங்கே, 74 எங்கே! முப்பத்திரண்டு ஆண்டுகளில் 26 மணி நேரம் பின்னால் போயிருக்கிறோம்.

எப்படி முடிகிறது இது? "மாணவர்" என்ற ஒரு சொல்லால் முடிகிறது. வேலை வாங்கும்போது அவர் டாக்டர். ஓய்வு கேட்கும்போது மாணவர்! காலியிடங்களை நிரப்பாமல் ஆஸ்பத்திரியை ஓட்ட இதைவிட மலிவான வழி உண்டா?

சிகாகோவில் 1886-ல் எட்டு மணி நேரம் கேட்ட தொழிலாளி சோம்பேறியல்ல. இன்று தூக்கம் கேட்கும் இளம் டாக்டரும் சோம்பேறியல்ல. பணக்காரன் நோயில் விழுந்தால் தூங்கி எழுந்த நிபுணர் வருகிறார். பாட்டாளி விழுந்தால் சர்க்கார் ஆஸ்பத்திரி. அங்கே நள்ளிரவில் அவன் நாடியைப் பிடிப்பது தூங்காத கை. ஆகவே இது டாக்டர்களின் சொந்த வழக்கு அல்ல, தோழர்களே, நம் வழக்கு!

நாம் கேட்பது மூன்று. மணிக் கணக்கை எண்ணால் எழுது. அந்தக் கணக்குக்குத் தேவையான டாக்டர்களை நியமி. யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போவார் என்ற பட்டியலை, நோயாளியும் படிக்கும்படி வார்டுச் சுவரில் ஒட்டு. டாக்டர் தூங்கட்டும், நோயாளி பிழைக்கட்டும்!