பள்ளிக்கூடம் பார்க்கப் போனோம்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். "பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மாற்றிப் பார்" என்பதையும் அவர்கள் மூன்றாவதாகச் சேர்த்திருக்கலாம். பட்டணத்தில் வாழும் குடும்பம் ஒன்று கிராமத்துக்குக் குடிபோக நினைத்தால், வீடு, தண்ணீர், பஸ் வசதி ஆகிய விஷயங்களை ஒரு பகல் பொழுதில் விசாரித்து முடித்து விடலாம். குழந்தைகளின் படிப்பு என்ற பேச்சு எழுந்ததும் யோசனை அங்கேயே நின்று விடுகிறது.

நமது வீட்டிலும் அப்படித்தான் நின்றது. தகப்பனார் காலமானதிலிருந்து நமது தாயார் சித்தையன்கோட்டையில் தனியாக இருந்து வருகிறார். மதுரைக்கு வந்துவிடும்படி எத்தனையோ தடவை வேண்டிக் கொண்டோம். "இந்த வயசுக்குமேல் என்னைக் கொண்டுபோய் மாடி வீட்டில் அடைக்காதே, அப்பா. கண்ணை மூடுகிற வரைக்கும் எனக்கு இந்தத் திண்ணை போதும்" என்று சொல்லி விட்டார். ஆகவே நாமே அங்கு குடிபோவதென்று யோசித்தோம். உத்தியோகத்துக்கு இடமாற்றம் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் நமது குமாரி ஐந்தாம் வகுப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தாள். மதுரையில் அவள் படித்து வந்ததோ தனியார் பள்ளி.

"அத்தையை வைத்துப் பார்க்க வேண்டியது நம் கடமைதான். அதற்காகக் குழந்தையின் படிப்பைப் பணயம் வைக்கலாமா?" என்று மனைவி கேட்டாள்.

அரசுப் பள்ளியில் இருபது வருஷமாகப் பாடம் சொல்லிச் சம்பளம் வாங்கும் நமக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. ஊரார் பிள்ளைகளுக்கு நல்லதென்று நாம் சொல்லும் பள்ளி, நம் பிள்ளைக்கு மட்டும் பணயமா? 2011-ஆம் வருஷத்தில் ஈரோடு மாவட்ட ஆட்சியராயிருந்த ஸ்ரீ ஆனந்தகுமார் தம் மகளைக் குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தார் என்ற செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு, ஆசிரியர் அறையில் உட்கார்ந்து கைதட்டியவர்களில் நாமும் ஒருவர். அப்படிக் கைதட்டிய நாமே, சில வருஷங்கள் கழித்து நம் பெண்ணைத் தனியார் பள்ளிக்கு அழைத்துக் கொண்டு போனோம். ஆகையால் மனைவிக்கு உபதேசம் செய்யும் யோக்கியதை நமக்கு இல்லை. "நேரில் போய்ப் பார்ப்போம், பார்த்த பிறகு முடிவு செய்வோம்" என்று மட்டும் சொன்னோம்.

பெண்ணைக் கொடுக்கப் போகும் இடத்தைப் பற்றிப் போவதற்கு முன்பே நாலு பேரிடம் விசாரிப்பது நம் நாட்டு வழக்கம். பள்ளிக்கும் அது பொருந்தும். கிராமப்புறத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, அரசு உயர்நிலைப் பள்ளி, மேல்நிலைப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி என்று பல வகை உண்டு. ஊரார் பேச்சில் எல்லாம் 'கவர்ன்மெண்டு பள்ளிக்கூடம்' என்ற ஒரே பெயரில் அடங்கிவிடும். எந்தப் பள்ளி எந்த வகுப்போடு முடிகிறது, அதற்குப்பின் குழந்தை எந்த ஊருக்குப் போக வேண்டும், அந்த நேரத்துக்குப் பஸ் உண்டா என்று கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும். மேல்நிலைக் கல்வி தமிழ்நாட்டில் 1978-இல் தொடங்கிற்று. ஆனால் எல்லா மேல்நிலைப் பள்ளியிலும் எல்லாப் பாடப் பிரிவும் இருப்பதில்லை. பத்தாவது தேறிய பெண் உயிரியல் படிக்க ஆசைப்படும்போது, அங்கே வணிகவியல் மட்டும் இருந்தால் என்ன செய்வது? இதை ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போதே கேட்டு வைப்பது நலம்.

இக்காலத்தில் வீட்டிலிருந்தபடியே சிலவற்றை அறியலாம். நாட்டிலுள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் பதினொரு இலக்க எண் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். மத்திய அரசின் இணையதளத்தில் அந்தப் பள்ளியைத் தேடினால், ஆசிரியர் எத்தனை பேர், மாணவர் எத்தனை பேர், வகுப்பறை, கழிப்பறை, குடிநீர் எப்படி என்ற கணக்குக் கிடைக்கும். 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரையில் இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும். சட்டம் சரிதான், ஆனால் வகுப்புகள் ஐந்தாயிற்றே! இருவர் ஐந்து வகுப்புகளை நடத்தும்போது, அவர்களில் ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால் அன்றைய பாடம் என்னவாகும் என்பதைத் தாய் தகப்பன்மார் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு என்பது ஒரு வாசற்படி. ஆறு முதல் பன்னிரண்டு வரையில் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித இடங்களை 2020-ஆம் வருஷத்திலும், பொறியியல் முதலிய தொழிற்கல்விகளில் 2021-ஆம் வருஷத்திலும் ஒதுக்கினார்கள். அவ்விதம் படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் 2022-இல் வந்தது. "அப்படியானால் லாபம்தானே?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். பன்னிரண்டாம் வகுப்பின் சலுகைக்காக ஆறாம் வகுப்பில் வாசிக்கக் கற்பிக்காத பள்ளியை ஏற்றுக் கொண்டால், விதை நெல்லை விற்று உரம் வாங்கியது போலத்தான் ஆகும்.

மாசி மாதத்தில் ஒரு சாதாரணத் திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். ஆண்டு விழா அன்று பள்ளியைப் பார்ப்பது, கல்யாணக் கோலத்தில் மனிதரைப் பார்ப்பதற்குச் சமானம்.

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமம் இருக்கிறது. 1947-ஆம் வருஷத்தில் டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் ஸ்தாபித்த இடம் அது. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் வகுத்த ஆதாரக் கல்வியை, கையும் மூளையும் சேர்ந்து கற்கும் கல்வியை, இந்தக் கிராமங்களில் நடத்திக் காட்ட வேண்டும் என்று உழைத்தவர்கள். பட்டணத்துப் படிப்பு கிராமத்துக்கு இரங்கி வருவதல்ல, கிராமத்துக்குள்ளிருந்தே நல்ல படிப்பு எழ வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அந்த வாசலைக் கடக்கும்போது, நாம் போகும் காரியம் சிறிதல்ல என்று தோன்றிற்று.

செம்பட்டியைத் தாண்டியதும் காற்று மாறுகிறது. மேற்கே பழனிமலைத் தொடர். இரு பக்கமும் நெல் வயலும் தென்னந்தோப்பும். இளமையில் கண்ட அதே சாலை. சித்தையன்கோட்டையிலும் சுற்று வட்டாரத்திலுமாக மூன்று பள்ளிகளைப் பார்த்தோம். அவற்றின் பெயரையோ ஊரையோ இங்கே சொல்லப் போவதில்லை.

முதலாவது பள்ளியில் வாசலிலேயே தேர்ச்சி விகிதப் பலகை பளபளத்தது. நல்ல பிள்ளை ஒருவனை அழைத்து ஆங்கிலப் பாட்டு ஒன்றைச் சொல்லச் சொன்னார்கள். மணி மணியாகச் சொன்னான். "கடைசி வரிசைப் பிள்ளைகளில் யாரையாவது தமிழ்ப் புத்தகம் வாசிக்கச் சொல்லலாமா?" என்று கேட்டோம். "இன்றைக்கு அவர்களுக்குப் பரீட்சை" என்று பதில் வந்தது. புத்தகம் ஒரு நிமிஷம் வாசிக்கப் பரீட்சை தடையா என்று மனைவி கண்ணாலேயே கேட்டாள். இரண்டாவது பள்ளி அன்பான இடம்; ஆனால் எட்டாம் வகுப்போடு முடிந்து விடும்.

மூன்றாவது பள்ளியில் பலகை எதுவும் பளபளக்கவில்லை. தலைமையாசிரியை அம்மாள் வேப்பமரத்தடியில் நின்று, தாமதமாக வந்த பிள்ளைகளிடம் "சாப்பிட்டாயா?" என்று விசாரித்துக் கொண்டிருந்தார். அந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று காமராஜ் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1956-இல், மதிய உணவு தொடங்கிற்று, 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022-இல் தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டி ஆரம்பமாயிற்று. ஆறாம் வகுப்புக்கு வந்ததும் அந்தக் காலை உணவு நின்று விடுகிறது. அதனால்தான் அந்த அம்மாள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை விசேஷமாக விசாரிக்கிறார்.

நாம் வந்த காரியத்தைச் சொல்லி, அதே கேள்வியைக் கேட்டோம். அவர் மேஜைக்குள்ளிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தார்.

"சார், ஆறாம் வகுப்பில் தடையில்லாமல் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் பதினொரு பேர். ஜூன் மாதத்தில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். பெயரெல்லாம் இதில் இருக்கிறது. யாரைக் கூப்பிடட்டும்?"

இந்தியக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று குழந்தைகளை வாசிக்கச் சொல்லிப் பார்க்கும் 'அசர்' ஆய்வு 2005 முதல் நடந்து வருகிறது. 2024-ஆம் வருஷத்து அறிக்கைப்படி, அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டையும் சேர்த்தும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேரே இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தார்கள். ஆகவே வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் இருப்பார்கள். அவர்களைப் பெயர் சொல்லி அறிந்திருக்கிறதா, மறைத்து வைக்கிறதா என்பதில்தான் பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம். பதினொருவரில் ஒரு சிறுவன் நம் முன்னே வந்து, விரலை வரியின் கீழ் வைத்து, எழுத்துக் கூட்டி நாலு வரி வாசித்தான். முடித்ததும் தலைமையாசிரியையைப் பார்த்துச் சிரித்தான். வெட்கமோ பயமோ அவன் முகத்தில் இல்லை. "போன மாதம் ஒரு வரி, இந்த மாதம் நாலு வரி" என்றார் அவர். இருபது வருஷ உபாத்தியாயராகிய நமக்கு, நம் வகுப்பில் இப்படி ஒரு நோட்டு இல்லையே என்ற எண்ணம் எழுந்ததை ஒப்புக் கொள்ள வேண்டும்.

அந்தப் பள்ளியில் குறைகளும் இருந்தன. கணக்குக்கு ஓர் ஆசிரியர் இடம் காலியாக இருந்தது. பெண்களின் கழிப்பறையை மனைவி போய்ப் பார்த்து வந்து, "சுத்தமாக இருக்கிறது. தண்ணீரும் வருகிறது. ஆனால் ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. வளரும் பெண்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல" என்றாள். நாம் கேட்க மறந்த விஷயம் அது. தகப்பன்மார் மட்டும் பள்ளி பார்க்கப் போகலாகாது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

தலைமையாசிரியை சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. "எல்லாம் பார்த்து விட்டீர்கள். இப்போது நான் ஒன்று கேட்கலாமா? சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். கணக்கு ஆசிரியர் வேண்டும் என்றாலும், தாழ்ப்பாள் வேண்டும் என்றாலும் அங்கேதான் தீர்மானம் போட வேண்டும். எங்கள் பிள்ளைகளின் தாய்மார்கள் நூறு நாள் வேலையை விட்டுக் கூட்டத்துக்கு வருகிறார்கள். மனு எழுதத் தெரிந்தவர்களோ பிள்ளைகளைப் பஸ் ஏற்றி வெளியூர்ப் பள்ளிக்கு அனுப்பி விடுகிறார்கள். நீங்கள் இங்கே வந்தால் கூட்டத்துக்கு வருவீர்களா, அம்மா?" என்று மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஆனால் பள்ளியை எடை போட வந்த நம்மை ஒருவர் நிதானமாக எடை போட்டார் என்று உணர்ந்தோம். படித்த குடும்பங்கள் ஒவ்வொன்றாய் விலகிப் போனபின், "பள்ளி கெட்டுவிட்டது" என்று சொல்வதும் அதே குடும்பங்கள்தாம். அதற்காக நம் பெண்ணைத் தியாகப் பொருளாக்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. குழந்தையின் நலனே முதலாவது. அதனால்தான் மூன்று பள்ளிகளைப் பார்த்தோம். நல்லாசிரியர் ஒருவர் இருக்கும் இடத்தைக் கண்ட பிறகும் தாழ்ப்பாளைச் சாக்காகச் சொல்லித் திரும்புவது நியாயமாகாது என்பதே நம் கட்சி.

மாலையில் தாயாரின் திண்ணையில் உட்கார்ந்து காப்பி சாப்பிட்டோம். "என்னப்பா, பள்ளிக்கூடம் பிடித்ததா?" என்று அவர் கேட்டார். நாம் மனைவியைப் பார்த்தோம். அவள் காப்பியை ஆற்றிக் கொண்டே, எதையோ கணக்குப் போடுகிறவள் போல இருந்தாள்.

பஸ் செம்பட்டியைக் கடந்த பிறகுதான் வாய் திறந்தாள்: "குழுக் கூட்டம் எந்தக் கிழமை என்று கேட்காமல் வந்துவிட்டோமே! முதல் கூட்டத்திலேயே அந்தத் தாழ்ப்பாளைப் பற்றிப் பேச வேண்டும்."