பார்க்காத நாளுக்கு அபராதம் இல்லை

அபாயகரமான ஆலைக் கழிவை ஏற்றிய லாரி கேட்டைத் தாண்டும் முன் ஏழு நிறத் தாள்களில் கையெழுத்து விழ வேண்டும். வெள்ளைத் தாள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகிறது. மஞ்சள் ஆலையிலேயே தங்கிவிடும். மீதி ஐந்தும் ஓட்டுநரோடு கிளம்பும். கழிவை இறக்கிக்கொள்ளும் நிலையம் இளஞ்சிவப்பைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, ஆரஞ்சை லாரிக்காரரிடம் கொடுத்து, பச்சையை வாரியத்துக்கும் நீலத்தைக் கழிவு கிளம்பிய ஆலைக்கும் அனுப்பும். கழிவு வெளிமாநிலத்தது என்றால் சாம்பல் நிறத் தாள் அந்த மாநில வாரியத்துக்கு. 2016-ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகளின் ஏற்பாடு இது. வெள்ளைத் தாள் வந்து பச்சை வரவில்லை என்றால், கழிவை வழியில்தான் தேட வேண்டும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அப்படிப்பட்ட கழிவைப் புதைக்கும் பொது நிலையம் இருக்கிறது. வருகிற கழிவை முதலில் ஆய்வகத்தில் பரிசோதிக்க வேண்டும். தண்ணீர் பட்டால் கரைந்து இறங்கும் உலோகம் இருந்தால் சிமென்ட், சுண்ணாம்பு, சாம்பல் கலந்து இறுக்கிய பிறகே புதைக்கலாம்.

புதைக்கும் குழியின் அடித்தளம்தான் இதில் முக்கியம். நகரக் குப்பைக்கான குழிக்கே 90 செ.மீ. களிமண், அதன்மேல் 1.5 மி.மீ. தடிமனில் பிளாஸ்டிக் விரிப்பு என்று 2016-இன் திடக்கழிவு விதிகள் கேட்டன. ஆலைக் கழிவுக்கு இன்னும் கடுமை. அந்தக் களிமண்ணில் தண்ணீர் ஊடுருவும் வேகம் வினாடிக்கு ஒரு செ.மீட்டரில் கோடியில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய 3 செ.மீ. ஆற்று மணலில் இதே தண்ணீர் சுமார் ஒரு லட்சம் மடங்கு வேகமாக இறங்கும். நாளொன்றுக்கு 8 மீட்டருக்கு மேல்.

பெரியபாளையம் என்ற ஊர் நிற்பது அப்படிப்பட்ட மணல்மேல்தான், ஆரணி ஆற்றங்கரையில். சுற்றிலும் ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்து சேர்த்த மணலும் வண்டலும். கன்னிகைப்பேர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று சென்னைக்குக் குடிநீர் எடுக்கும் கிணற்று வயல்கள் இந்த மணலை நம்பித்தான் அமைந்தன. தண்ணீரைச் சீக்கிரம் உள்வாங்கும் மண், விஷத்தையும் அதே வேகத்தில் உள்வாங்கும். எல்லாத் தாளும் சரியாக இருக்கும் கும்மிடிப்பூண்டிக் குழியைவிட, மண் எடுத்துவிட்டுப் போட்ட பள்ளத்தில் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிய ஒரு லோடுக்கே நான் அதிகம் பயப்படுவேன்.

விதி மீறும் ஆலை பிடிபட்டால் என்ன இழப்பீடு? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. சிவப்பு வகை ஆலைக்கு மாசுக் குறியீடு 80. அதை விதிமீறல் நாட்களால் பெருக்க வேண்டும். பிறகு 250 ரூபாயால். பெரிய ஆலை என்றால் 1.5-ஆல். கடைசியாக இருப்பிடக் காரணியால். அந்தக் காரணி 1 என்றும், மீறல் 30 நாள் என்றும் வைத்தால் இழப்பீடு 9 லட்சம் ரூபாய். பெரிய ஆலைக்கு இது பெரிய தொகையே அல்ல. கெட்டுப்போன ஒரு கிணற்று வயலைச் சுத்தம் செய்ய இது எந்த மூலைக்கும் காணாது. ஆனால் என்னை உறுத்துவது தொகை அல்ல, நாட்கணக்கு. மீறல் கண்டறியப்பட்ட நாளிலிருந்து, சரிசெய்ததை உறுதிப்படுத்தும் நாள் வரைதான் எண்ணுகிறார்கள். யாரும் போய்ப் பார்க்காவிட்டால் அந்த எண் பூஜ்யம். பூஜ்யத்தால் எதைப் பெருக்கினாலும் பூஜ்யம்தான். இழப்பீடு விதிக்க வாரியங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதிகாரம் இருக்கிறது, கண்கள் போதவில்லை.

2024 டிசம்பரில் திருநெல்வேலி அருகே நடுக்கல்லூர் பக்கம் கேரள மருத்துவமனைக் கழிவு கொட்டிக் கிடந்ததைக் கண்டு குரல் எழுப்பியவர்கள் ஊர்க்காரர்கள். கழிவுக்குள் கிடந்த காகிதங்களே அது எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு விதித்தது. கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள்.

ஊராட்சியின் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஆலைக்கு இசைவாணை தருவதும் நிறுத்துவதும் வாரியம். 2016-இன் திடக்கழிவு விதிகள் நகரங்களுக்கானவையாக இருந்தன. கிராம ஊராட்சி அவற்றின் பட்டியலில் இருக்கவில்லை. வழிபாட்டுத் தலங்களும் மாநில அரசு அறிவித்தால் மட்டுமே. ஆடி வந்தால் வாரக்கணக்கில் பவானி அம்மனுக்குக் கூட்டம் சேரும் பெரியபாளையம் போன்ற ஊரில், வேப்பிலையும் பிளாஸ்டிக் பையும் சோற்று மிச்சமும் ஒன்றாகக் கலந்த குப்பையைத் தள்ளுவண்டியோடு எதிர்கொள்பவர்கள் தூய்மைக் காவலர்கள்தான். 2026 ஏப்ரல் 1-இலிருந்து நடைமுறை என்று அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் ஊரக உள்ளாட்சிகளையும் சேர்த்துக்கொள்கின்றன. குப்பையை நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. பணமும் ஆளும் கூடவே வந்தால்தான் அது நடக்கும்.

ஆலைக் கழிவு விஷயத்தில் ஊர்க்காரர்களுக்கு ஒரு பிடி ஏற்கெனவே இருக்கிறது. என்ன ரசாயனம் கையாளப்படுகிறது, எவ்வளவு கழிவு வெளியேறுகிறது என்று ஆலை வாசலில் பலகை வைக்க வேண்டும் என்பது 2003-இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு. அது தமிழிலும் இருக்க வேண்டும். அபாயகரமான கழிவைக் கையாளும் ஒவ்வொரு ஆலையும் முந்தைய நிதியாண்டின் கழிவுக் கணக்கை ஜூன் 30-க்குள் வாரியத்துக்குத் தர வேண்டும். அதிலிருந்து ஆறேழு வாரத்தில் ஆகஸ்ட் 15 கிராம சபை கூடுகிறது. ஊராட்சிகள் தங்கள் எல்லைக்குள் உள்ள ஆலைகளின் அந்தக் கணக்கை வாரியத்திடம் கேட்டு வாங்கி, பலகையில் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைத் தீர்மானமாக எழுதி அனுப்பட்டும். ஒரு ஊராட்சி செய்து காட்டினால் போதும், பக்கத்து ஊராட்சியும் கேட்கும்.