ஒற்றைப் பள்ளத்தில் ஐந்து குரல்கள்

இசைத்தட்டில் எல்லா இடமும் சமமல்ல. ஓரத்தில் அமைந்த பாட்டுக்குக் கிடைக்கும் வசதி நடுவை ஒட்டிய பாட்டுக்குக் கிடைப்பதில்லை. பீச் பாய்ஸ் குழு 2012-இல் வெளியிட்ட ‘தட்ஸ் வொய் காட் மேட் த ரேடியோ’ ஆல்பத்தில் மொத்தம் 12 பாடல்கள். அவற்றில் ஆகச் சிறந்தவை என்று நான் நினைக்கும் மூன்றும் கடைசியில் வரிசையாக வருகின்றன. வினைல் தட்டில், ஒலிக்கு மிகக் குறைந்த இடவசதி உள்ள பகுதி அது. செல்போனில் கேட்பவருக்கு இந்தச் சிக்கலே கிடையாது.

குழுவைப் பற்றிச் சுருக்கமாக. கலிபோர்னியாவின் ஹாதோர்ன் ஊரில் 1961-இல் சேர்ந்தவர்கள் இவர்கள்: பிரையன், டென்னிஸ், கார்ல் என்ற வில்சன் சகோதரர்கள் மூவர், அவர்களுடைய அத்தை மகன் மைக் லவ், பிரையனோடு பள்ளியில் படித்த ஆல் ஜார்டின். அலைச்சறுக்கைப் பாடிப் பாடியே உலகப் புகழ் பெற்றார்கள். ஆனால் ஐவரில் உண்மையாகவே பலகையோடு கடலில் இறங்கியவர் டென்னிஸ் மட்டும்தான். அவரே 1983-இல் நீரில் மூழ்கி இறந்தார். கார்லைப் புற்றுநோய் 1998-இல் கொண்டுபோயிற்று. எஞ்சியவர்கள் குழுவின் ஐம்பதாம் ஆண்டுக்காக மறுபடி ஒன்றுகூடினார்கள். 1965-இல் சேர்ந்த புரூஸ் ஜான்ஸ்டனும், தொடக்க காலத்தில் கிட்டார் வாசித்த டேவிட் மார்க்ஸும் உடன் வந்தார்கள். பெரும்பாலும் எழுபதை ஒட்டிய வயதில் இருந்தவர்களின் இந்த ஆல்பம் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது. புதிய பாடல்களோடு அவர்கள் அதற்கு முன் ஆல்பம் போட்டது 1992-இல்.

இனி தட்டுக்கு வருவோம். எல்.பி. என்று நாம் சொல்லும் 12 அங்குலத் தட்டை கொலம்பியா நிறுவனம் 1948-இல் அறிமுகப்படுத்தியது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. பார்வைக்கு நூற்றுக்கணக்கான வட்டங்கள் போலத் தெரிந்தாலும், ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு பள்ளம்தான். ஓரத்தில் தொடங்கிச் சுருண்டு சுருண்டு நடுவை நோக்கிப் போகிறது. இருபது நிமிடப் பாடல்கள் உள்ள பக்கத்தில் அதை நிமிர்த்தி நீட்டினால் 400 மீட்டருக்கு மேல் போகும்.

அந்தப் பள்ளத்தின் சுவர்கள் நெளிகின்றன. நெளிவுதான் ஒலி. ஊசி அதில் ஓடும்போது நெளிவுக்கு ஏற்ப அதிர்கிறது; ஊசியோடு சேர்ந்து ஒரு குட்டிக் காந்தமும் அதிர்கிறது; பக்கத்துக் கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் பாட்டு. பீச் பாய்ஸ் என்றாலே குரல்களின் அடுக்கு. ஐந்து பேர் ஐந்து சுரத்தில் பாடுகிறார்கள், பின்னால் வாத்தியங்கள் வேறு. ஆனால் ஐந்து குரலுக்கு ஐந்து பள்ளம் இல்லை. காற்றில் அந்தக் குரல்களின் அழுத்தங்கள் எப்படி ஒன்றோடொன்று கூடுகின்றனவோ, அப்படிக் கூடிவந்த ஒரே வளைகோட்டைத்தான் தட்டில் வெட்டுகிறார்கள். மைக் லவின் கீழ்க்குரல் எது, பிரையனின் மேல்குரல் எது என்று அந்தக் கோட்டிலிருந்து பிரித்தெடுப்பது நம் காதும் மூளையும். தட்டு அந்த வேலையைச் செய்வதே இல்லை.

மோனோ தட்டில் பள்ளம் இடவலமாக மட்டும் நெளியும். ஸ்டீரியோவுக்கு இரண்டு ஒலி வேண்டுமே, ஒரே ஊசிக்கு எப்படி? ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931-லேயே காப்புரிமை விண்ணப்பத்தில் வழி சொல்லிவிட்டார். பள்ளத்தின் இரு சுவர்களும் 45 பாகைச் சாய்வில் நிற்கட்டும். ஒரு சுவருக்கு இடது ஒலி, மறு சுவருக்கு வலது ஒலி. இரண்டிலும் பொதுவானது ஊசியைப் பக்கவாட்டில் அசைக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மேலும் கீழுமாக அசைக்கும். ஸ்டீரியோ தட்டுகள் 1958-இல் கடைக்கு வந்தன. கனத்த பேஸ் ஒலியை ஒரு பக்கமாக மட்டும் ஒதுக்கினால் ஊசி எகிறிவிடும் என்பதால், தட்டு வெட்டுபவர்கள் இன்றும் அதை நடுவிலேயே நிறுத்துகிறார்கள். பிரையன் வில்சனுக்குச் சிறுவயதிலிருந்தே வலது காது கிட்டத்தட்டக் கேட்டதே இல்லை. ஸ்டீரியோ என்ற அனுபவமே இல்லாதவர். அவர் 1966-இல் ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பத்தை மோனோவில்தான் கலந்தார்; அதன் முறையான ஸ்டீரியோ வடிவம் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான் வந்தது. ஒரே காதுள்ள மேதைக்குப் பக்கவாட்டில் மட்டும் நெளியும் பள்ளம் போதுமானதாக இருந்தது.

பேஸ் ஒலிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அதை உள்ளபடி வெட்டினால் நெளிவு அகலமாகி அடுத்த சுற்றில் போய் முட்டும். ஆகவே வெட்டும்போதே தாழ்ந்த ஒலியைக் குறைத்து, கீச்சொலியைக் கூட்டிவிடுகிறார்கள். 20 ஹெர்ட்ஸ் அருகே அது ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. கேட்கும்போது ஃபோனோ பெருக்கி இதை நேர்மாறாகத் திருப்பிச் சரிசெய்யும். அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் 1954-இல் இதற்குப் பொது அளவு வகுத்தது. ஃபோனோ பெருக்கி இல்லாமல் தட்டைக் கேட்டால் பாட்டு சன்னமாக, தகரத்தில் தட்டியது போல இருப்பது இதனால்தான்.

இப்போது கடைசிப் பாட்டு. குடைராட்டினத்தில் ஓரத்துக் குதிரையும் உள்குதிரையும் ஒரே நேரத்தில்தான் ஒரு சுற்றை முடிக்கின்றன. ஆனால் ஓரத்துக் குதிரை கடக்கும் தூரம் அதிகம். தட்டிலும் அதே கணக்கு. ஓரத்தில் பள்ளம் ஊசிக்கடியில் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் ஓடுகிறது; நடுவை ஒட்டி வெறும் 21. பத்தாயிரம் ஹெர்ட்ஸ் கீச்சொலியின் ஒரு நெளிவு ஓரத்தில் சுமார் 50 மைக்ரோமீட்டர் நீளம் பிடிக்கும், உள்ளே 21-க்குள் நெருங்கி அடங்க வேண்டும். சாதாரண உருண்டை ஊசியின் நுனி ஆரமே 15 முதல் 18 மைக்ரோமீட்டர். ஊசிக்கு நெளிவின் மடிப்புக்குள் இறங்க இடமில்லை; மேலோட்டமாகத் தாண்டிப்போகிறது. கீச்சொலி மங்கி, ‘ஸ’ ஒலி கரகரப்பாகிறது. குரலை நம்பிப் பிழைக்கும் ஒரு குழுவுக்கு இது சின்ன நஷ்டமல்ல.

பழைய தயாரிப்பாளர்கள் இதற்காகவே ஆரவாரமான பாட்டை ஓரத்திலும் மெதுவான பாட்டை உள்ளேயும் வைத்தார்கள். இந்த ஆல்பத்தின் வரிசையும், திட்டமிட்டோ தற்செயலாகவோ, அப்படியே அமைந்திருக்கிறது. ஆல் ஜார்டின் தொடங்கிவைக்கும் ‘ஃப்ரம் தேர் டு பேக் அகெய்ன்’, பிறகு ‘பசிபிக் கோஸ்ட் ஹைவே’, முடிவில் கோடை முடிந்துபோனதைப் பாடும் ‘சம்மர்ஸ் கான்’ ஆகிய மூன்றும் நிதானமானவை. முன்னால் வரும் துள்ளல் பாட்டுகளில் சில, தங்கள் பழைய வெற்றியைத் தாங்களே நகலெடுத்தவை. இந்த மூன்றில்தான் வயதான மனிதர்கள் தங்கள் வயதில் நின்று பாடுகிறார்கள்.

கணினியில் குரலைச் சுருதி திருத்தியிருப்பது காதில் உறுத்துகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வினைலில் வெட்டினால் அது மறைந்துவிடாது. வினைல்தான் உயர்ந்தது என்ற பேச்சை நான் நம்புவதில்லை. மெல்லொலிக்கும் பேரொலிக்கும் இடையே தட்டு தாங்கும் வீச்சு சுமார் 70 டெசிபெல், குறுந்தகட்டுக்கு 96. ஆனால் இந்தத் தட்டு சுழலும்போது ஒலி எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் காணலாம். அந்த ஈர்ப்புக்குக் கணக்கு கேட்க வேண்டியதில்லை.

வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. விலை உயர்ந்த ஒலிபெருக்கிக்கு முன்னால் ஊசியைக் கவனியுங்கள். உருண்டை நுனிக்குப் பதில் நீள்வட்ட நுனி போடுங்கள். அதன் ஒடுங்கிய பக்கம் உள்பள்ளத்தின் மடிப்புக்குள் இன்னும் நன்றாக இறங்கும். ஊசியின் அழுத்தத்தைத் தயாரிப்பாளர் சொன்ன அளவில், பெரும்பாலும் இரண்டு கிராம் ஒட்டி வையுங்கள். குறைத்தால் தட்டுக்கு நல்லது என்பது தவறான எண்ணம், ஊசி துள்ளித் துள்ளிச் சுவரைச் சிதைக்கும். தூசியைத் துடைத்துவிட்டு, இரண்டாம் பக்கத்தின் கடைசி மூன்று பாடல்களைக் கேளுங்கள். அவை தெளிவாக வந்தால், உங்கள் ஊசி சரியாக வேலை செய்கிறது.