மோட்டார் கொட்டகை – 9: முதல் கையெழுத்து

சித்தூர் உழவர் ஏரி மடையை விட்டு ஆழ்துளைக் கிணற்றுக்கு வந்து சேர்ந்த கதை போன வாரத்தோடு முடிந்தது. இந்த வாரம் குத்தகை விவசாயிகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு கையெழுத்து குறுக்கே வந்துவிட்டது. நான்கு நாட்களாக என்னால் அதை விட முடியவில்லை.

2004 மே 14. ஹைதராபாத் லால் பகதூர் விளையாட்டரங்கம். ஆந்திர முதலமைச்சராகப் பதவியேற்ற ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி, அந்த மேடையிலேயே கோப்பு ஒன்றை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். உழவுக்கு இலவச மின்சாரம், பழைய பாக்கியும் தள்ளுபடி. முந்தைய ஆண்டு கோடை வெயிலில் செவெள்ளாவிலிருந்து இச்சாபுரம் வரை நடந்தே போய் அவர் கொடுத்த வாக்கு அது.

தெலுங்கில் இதற்கென்றே ஒரு பெயர் உண்டு: ‘தொலி சந்தகம்’, முதல் கையெழுத்து. தேடிப் போனால் ஒரு வரிசையே கிடைக்கிறது. 1994 டிசம்பரில் என்.டி.ஆர். போட்டது மதுவிலக்குக்கு. 2014 ஜூனில் சந்திரபாபு நாயுடு போட்டது பயிர்க்கடன் தள்ளுபடிக்கு. 2019இல் ஜெகன் முதியோர் உதவித்தொகைக்கு. 2024இல் மீண்டும் நாயுடு, 16,347 ஆசிரியர் பணியிடங்களுக்கு. நம் பக்கமும் உண்டு: 2016 மே 23 அன்று ஜெயலலிதா கையெழுத்திட்டவற்றில் சிறு, குறு விவசாயிகளின் கூட்டுறவுக் கடன் தள்ளுபடியும் ஒன்று.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன்? ஏரிப் பாசனத்தில் நெல் வைத்தவருக்கு அரசியல் என்பது ஏரிக்கரையில் நடந்தது. எந்த மடையை எப்போது திறப்பது, கடைமடைக்குத் தண்ணீர் போனதா என்று ஊரோடு சண்டை போட்டு, ஊரோடு உட்கார்ந்து பேசினார். கிருஷ்ணா, கோதாவரி டெல்டாவைப் போன்ற வாய்க்கால் சித்தூரில் பெரும்பாலான உழவர்களுக்கு வாய்க்கவில்லை. போர் போட்டார்கள். என்.டி.ஆர். ஆட்சியில் குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் என்று கட்டணம் வந்தது. 5 எச்.பி. மோட்டாருக்கு ஆண்டு முழுவதற்கும் 250 ரூபாய். 2004இல் அதுவும் போய், பணத்தில் இருந்த கணக்கு மணியில் வந்து நின்றது. எத்தனை மணி நேரம் கரன்ட், பகலிலா இரவிலா? பகலில் ஒன்பது மணி நேரம் என்பதே பிறகு தேர்தல் வாக்குறுதியாயிற்று. நள்ளிரவில் வரப்பில் பாம்பையும் ஈர ஸ்டார்ட்டரையும் தாண்டிப் போய் மோட்டார் போட்டவருக்குத்தான் அந்த வாக்குறுதியின் எடை தெரியும்.

மோட்டார் கொட்டகைக்குள் எட்டிப் பாருங்கள். சுவரில் ஆட்டோ ஸ்டார்ட்டர். கரன்ட் வந்ததும் ஆள் இல்லாமலே மோட்டார் ஓடும். ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிற மோட்டார்கள் எல்லாம் ஒரே நொடியில் கிளம்பினால் அதன் காயில் எரியும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் எரிந்தால் விவசாயிகள் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து, டிராக்டரில் ஏற்றிப் போய்ப் பழுதுபார்த்து வர வேண்டும். சீக்கிரம் ஆக வேண்டுமானால் கட்சிக்காரர் ஒருவர் போன் செய்ய வேண்டும். இலவசம் மேலிருந்து ஒரு கையெழுத்தில் வந்தது. அதை வயல்வரை கொண்டுவர உள்ளூர்க் கட்சிக்காரரை அண்டி நிற்க வேண்டியிருக்கிறது. ஏரிக்கரையில் உரிமை பேசியவரை இந்த மானியம் மனு கொடுப்பவராக்கியது என்பதே என் முடிவு.

கோவையில் இலவச மின்சாரம் வேறு மாதிரி வந்தது. 1970இல் மின் கட்டணம் ஏறியதை எதிர்த்து உழவர் திரண்டார்கள். பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூவர் இறந்தார்கள். 1972இல் உழவர் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் பின்னால் மாட்டு வண்டிகள் கோவை நகரையே மறித்தன. எல்லா உழவர்களுக்கும் இலவச மின்சாரம் வந்தது 1990இல். இருபது ஆண்டுச் சங்கப் போராட்டம் அதன் பின்னால் இருந்தது.

சித்தூர் உழவர் நன்றிக்கடனாக ஓட்டுப் போடுகிறவர் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். 2019 தேர்தலுக்கு முன் சந்திரபாபு நாயுடு ‘அன்னதாதா சுகீபவ’ என்று வங்கிக் கணக்கில் பணம் போட்டார். ஒன்றுபட்ட சித்தூர் மாவட்டத்தின் 14 தொகுதிகளில் அவர் கட்சிக்குக் கிடைத்தது குப்பம் ஒன்றுதான். அடுத்து ஜெகன் ‘ரைத்து பரோசா’வில் மத்திய அரசின் 6,000 ரூபாயையும் சேர்த்து ஆண்டுக்கு 13,500 கொடுத்தார். 2024இல் அதே 14இல் அவருக்கு மிஞ்சியவை புங்கனூரும் தம்பல்லப்பள்ளியும். பணத்தை வாங்கிக்கொண்டே ஆட்சியை மாற்றுகிறார்கள். அவர்களிடம் மிச்சமிருக்கும் பலம் அது ஒன்றுதான்; அதுவும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை.

குத்தகை விவசாயிகளுக்கு வர இடமில்லாமல் போயிற்று. அடுத்த வாரம் அவர்கள்தான். இப்போதைக்கு ஒன்று மட்டும்: ஆந்திராவின் 2019 சாகுபடியாளர் உரிமைச் சட்டப்படி சாகுபடி உரிமை அட்டை பெறுவதற்கு நில உரிமையாளரின் கையெழுத்து வேண்டும். அந்த அட்டை 11 மாதம்தான் செல்லும்.